கை தூக்கினால் இழுக்கக் கூடாது

மனிதனின் ஆதிப் பயத்தை ஆழ்கடலின் இருட்டிலிருந்து முதன்முதலில் வெளியே இழுத்து வந்தவன் நான். ஆழ்கடல் என்றது ஒரு பள்ளிக்கூடத்தின் நீச்சல்குளம். விடுமுறையில் சும்மா கிடந்தது.

பேராசிரியரே, உங்கள் பதிவுக் கருவி ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நீருக்கடி ஜந்துப் படங்கள் எப்படித் தோன்றின என்று கேட்டீர்கள். அடிமனத்தின் எழுச்சி என்கிறது உங்கள் புத்தகம். தண்ணீருக்குள் யாரும் வசனம் பேச மாட்டார்கள், ஆகவே வசனகர்த்தா வேண்டாம். செட் போட வேண்டாம். தேயிலைச் சாயத்தை ஊற்றிக் கலக்கிவிட்டால் ரப்பர் ரப்பராகத் தெரியாது. எழுச்சி இவ்வளவுதான்.

ஜந்துவின் ரப்பர் உடைக்குள் இருந்தது என் மச்சினன். மனைவியின் தம்பி, மேடை நடிகன். சம்பளம் இல்லாமல் வந்தான். வாயையும் கூடவே கூட்டி வந்தான்.

"அத்தான், இந்த ஜந்துவோட உள்மனசுல என்ன ஓடுது?"

"பசி. போய் முங்கு."

"பசின்னா எந்த மாதிரிப் பசி?" என்றவன், மற்றவர்கள் பக்கம் திரும்பினான். "எழுதினவருக்கே தெரியல. தவளைக்குச் சட்டை தைச்சுட்டு சினிமாங்கறாரு, பாவம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்பதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அந்த உடையை உள்ளிருந்து திறக்க முடியாது. மூச்சு முட்டினால் இரண்டு கைகளையும் தூக்க வேண்டும். கரையில் நிற்கும் விளக்குக்காரர் இடுப்புக் கயிற்றை இழுப்பார். ஒத்திகையில் ஒருமுறை நிஜமாகவே முட்டியது. தூக்கினான். மேடையில் இத்தனை வருடம் குப்பை கொட்டியவனிடம் அப்படி ஓர் அசைவை யாரும் பார்த்ததில்லை. மறுபடி செய்யச் சொன்னேன். நடித்தான். சகிக்கவில்லை.

ஆகவே, நடிக்காத கையைப் படமெடுப்பது என்று முடிவு செய்தேன். விளக்குக்காரரைத் தனியே அழைத்தேன்.

"இந்த ஷாட்ல கை தூக்கறது நடிப்பு. நான் சொல்ற வரைக்கும் கயித்தைத் தொடாதீங்க."

"அவருக்குத் தெரியுமா சார்?"

"அவர் கேட்டுக்கிட்டதாலதான் சொல்றேன்."

மச்சினனிடம் ஒன்றும் சொல்லவில்லை. கையைத் தூக்கினான். அருமை. மறுபடியும் தூக்கினான், அது இன்னும் அருமை. விளக்குக்காரர் "சார், சார்" என்றார். நான் உதட்டில் விரலை வைத்தேன். ஒலிப்பதிவு கிடையாதுதான், பழக்கதோஷம். கைகள் இறங்கிய பிறகும் கொஞ்சம் காத்திருந்தேன். காட்சிக்கு ஒரு முடிவு வேண்டுமே.

மனைவியிடம், அவன் இதயம் நின்றுவிட்டது என்றேன். அதில் பொய் இல்லை. மச்சினன் கேட்டுக்கொண்டதால்தான் இழுக்கவில்லை என்று விளக்குக்காரர் போலீசில் அழுதுகொண்டே சொன்னார். நல்ல மனிதர்.

ஒரு சாதாரண நடிகனை அழியாத கலையாக்கினேன் என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன். நீங்களும் அந்தக் கைகளைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறீர்கள். ஒரு சின்னத் திருத்தம். ஃபிலிமைக் கழுவிப் போட்டுப் பார்த்தபோது, உதைத்த உதையில் உடை பின்பக்கம் கிழிந்து, பூப்போட்ட அரைக்கால்சட்டை தெரிந்தது. அந்த ஷாட்டையே வெட்டி எறிந்துவிட்டேன். படத்தில் இருப்பவை என் கைகள். எங்கள் வீட்டுக் குளியல் தொட்டியில், உட்கார்ந்தபடி எடுத்தது.