அளக்காம விட்ட ஓடை

நாளைக்குக் காலையில இந்த ஊர்ல தடுப்பணைக்கு அளவெடுக்க ஆரம்பிக்கிறோம். அதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கதை சொல்லிடறேன்... கதைன்னா, என் கதைதான். எந்த மேடையிலயும் சொன்னதில்ல. சொல்ல வெக்கமா இருந்துச்சு. இப்பவும் வெக்கமாத்தான் இருக்கு.

இருபது வருசம் இருக்கும். ஒரு கரட்டு மலையடியில ஒம்போது நீர்ப்பிடிப்புப் பகுதி. பெய்யற மழை ஒரே எடத்துக்கு வடிஞ்சு வர்ற நிலத்தைத்தான் அப்படிச் சொல்றோம். ஒம்போதுல மூணுக்குத்தான் அந்த வருசம் தடுப்பணை. எந்த மூணு? அதை நான் சொல்லணும். எப்படிச் சொல்றது? சரிவு எவ்வளவு, ஓடை எத்தனை, ஒவ்வொண்ணும் எவ்வளவு நீளம்... நடந்து அளக்கணும். ஓடை நெருக்கமா இருக்கிற எடத்துல மண்ணு வேகமா அரிச்சிட்டுப் போகும். அதுக்குத்தான் முதல் இடம்.

எனக்கு வழிகாட்ட வந்தவர் சென்னியப்பன். ஊர்த் தலைவரோட மச்சான். நல்ல மனுசன்... என்கிட்ட நல்ல மனுசன். மூணாம் நாள் மத்தியானம், காலனிக்குப் பின்னாடி ஒரு ஓடை. அங்க ஒரு அம்மா நிக்கறாங்க. என் வயசுதான் இருக்கும், பேர் மாராத்தாள். கையில செம்பு.

"சாருங்க, எங்க ஓடையையும் அளந்துட்டுப் போங்க. மேல போனா அஞ்சாறு கிளை இருக்குதுங்க. மழைக்கு மழை எங்க சோளக்காட்டைத் தின்னுட்டு வருதுங்க. இந்தத் தண்ணியைக் குடிங்க, நானே கூட வந்து காட்டறேன்."

சென்னியப்பன் என் காதுகிட்ட வந்து, சிரிச்சுக்கிட்டே சொல்றார்...

"போலாம் சார். தாராளமா போலாம். ஆனா போனா அந்தத் தண்ணியைக் குடிக்கணும். குடிச்சுட்டீங்கன்னா... எங்க மச்சான் வீட்டுல இலை போட்டு உக்காந்திருக்காங்க. பெரியவங்க எல்லாம் இருக்காங்க. எதுக்குங்க சங்கடம்?"

நான் என்ன செஞ்சேன்னு நினைக்கறீங்க? படிச்சவன்... சம்பளம் வாங்கறவன்... கடிகாரத்தைப் பார்த்தேன்! "நாளைக்கு வர்றேம்மா"ன்னேன். அந்த நாளைக்கு வரவே இல்ல. ஓடை ஒரு எட்டு அகலம்தான். தாண்டினேன். போய்க் கோழிக்குழம்பு சாப்பிட்டேன். ருசியா வேற இருந்துச்சு. அதையும் சொல்லிடணும்ல?

ஆபீஸ்ல கணக்குப் போட்டேன். அந்தப் பகுதி நாலாவது இடம். மூணுக்குத்தான் வேலை. முடிஞ்சுது. நம்பரை யாருங்க கேள்வி கேக்கப் போறா?

மூணு மழைக்காலம் போச்சு. வேற வேலையா அந்தப் பக்கம் போனேன். மாராத்தாள் நிக்கறாங்க. அவங்க நிலம்... முக்கால் ஏக்கர்... அதுல பாதி ஓடையோட போயிருச்சு. சோளம் வெதைச்ச எடத்துல பாறை பல்லிளிக்குது. திட்டட்டும்னு நின்னேன். திட்டல.

"வாங்க சார். அன்னிக்குத் தாண்டிப் போயிட்டீங்க. இப்பத் தாண்ட முடியாதுங்க. எறங்கித்தான் ஏறணும். பார்த்து எறங்குங்க."

பார்த்து எறங்குங்கன்னாங்க! யாரு? நான் விழுந்துறக் கூடாதுன்னு, அவங்க!

எறங்கினேன். அளந்தேன். ஆறு கிளை. அந்த ஆறையும் சேர்த்து மறுபடி கணக்குப் போட்டா... முதல் இடம். "தண்ணி குடுங்கம்மா"ன்னேன். குடுத்தாங்க. குடிச்சேன். குடிச்சு? போன மண்ணு திரும்பி வந்துருச்சா?

இதை ஏன் உங்ககிட்ட சொல்றேன்? டேப்பு பொய் சொல்லலைங்க. கணக்குலயும் தப்பில்ல. நான் கால் வைக்காத எடம் கணக்குல ஏறல, அவ்வளவுதான். நாளைக்கு எங்க ஆளுங்க வருவாங்க. வழிகாட்ட நீங்க வருவீங்க. உங்கள்ல யாராவது "அங்க எதுக்கு சார்"னு சொன்னா... அந்த எடத்துக்கு முதல்ல கூட்டிட்டுப் போங்க. செம்பை நீட்டினா வாங்கிக் குடிக்கச் சொல்லுங்க. குடிக்காம தாண்டிப் போறவன் எவ்வளவு பெரிய ஆபீசரா இருந்தாலும், அவனுக்கு உங்க வீட்டுல இலை போடாதீங்க.

எனக்குப் போட்டிருக்கக் கூடாது.