பதினாறாவது கூடை

டிஸ்க் கோல்ஃபுக்கு வெயில் ஒரு பொருட்டே இல்லை, சார். காற்றுதான் எல்லாம். அன்று காலை இலைகூட அசையவில்லை, ஆட்டத்துக்கு அதைவிட நல்ல பொழுது அமையாது.

இந்த விளையாட்டு உங்களுக்குப் பழக்கமில்லை என்றீர்கள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பந்துக்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. குழிக்குப் பதில், கம்பத்தில் சங்கிலி தொங்கும் ஒரு கூடை. குறைந்த தடவை வீசித் தட்டைக் கூடைக்குள் போட்டவன் ஜெயித்தான். மொத்தம் பதினெட்டுக் கூடை.

நான் முப்பத்தோரு வருடம் லிஃப்ட் பரிசோதகனாக இருந்தவன். கம்பி வடத்தில் ஒரு இழை அறுந்திருந்தால் அறுந்திருக்கிறது என்றுதான் எழுதுவேன், யாருக்கும் மசியமாட்டேன். ஆட்டத்திலும் அப்படித்தான். தோற்றால் தொப்பியைக் கழற்றிக் கை கொடுப்பேன். ஜெயித்தால் அதைப் பற்றி வாயே திறக்கமாட்டேன். கண்ணியமான ஆட்டக்காரர் என்று போன வருடம் கிளப்பில் கோப்பைகூடக் கொடுத்தார்கள். அதைக் காட்டத்தான் வீட்டில் ஆள் இல்லை.

மனைவி போய் இரண்டு வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. சில நாள் சாயங்காலம் எங்கள் கட்டிட லிஃப்டில் சும்மா ஏறி இறங்கிக்கொண்டிருப்பேன். யாராவது உள்ளே வந்தால் எத்தனாவது மாடி என்று கேட்கலாம் அல்லவா. மற்றபடி எனக்கென்று இருந்தது சனிக்கிழமை காலை மட்டும்தான். அன்றைக்கு மச்சினன் வருவான். மனைவியின் தம்பி, பல் டாக்டர். வாரம் முழுக்க அடுத்தவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பதால் என் வாயைப் பார்க்காமல் பேசுவது அவனுக்குக் கஷ்டம். பெரும்பாலும் நான்தான் ஜெயிப்பேன். தோளில் தட்டி, அடுத்த வாரம் உன் வாரம் என்பேன்.

அன்று பதினைந்தாவது கூடையில், கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டு தவறவிட்டான். குழந்தைகூடப் போட்டிருக்கும். எப்படி விட்டாய் என்று கேட்டேன். சிரித்தான். பிறகு, குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போவதாகவும் இதுதான் கடைசி ஆட்டம் என்றும் சொன்னான். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"தப்பா எடுத்துக்காதீங்க அத்தான். அக்கா சாகறதுக்கு முன்னாடி கேட்டுக்கிட்டா. அவர் தனியா கெடந்து தவிப்பாரு, வாரம் ஒரு தடவை போய் விளையாடு, கொஞ்சம் விட்டுக்கொடுன்னு. இப்போ நீங்க தேறிட்டீங்க."

எனக்கு வலித்தது, சார். கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது. இரண்டு வருடத்துச் சனிக்கிழமைகளும் எனக்குப் போட்ட பிச்சை. வேண்டுமென்றே தோற்பதும் ஏமாற்று வேலைதான், அதை யாரும் அப்படிச் சொல்வதில்லை. அதையாவது பொறுத்திருப்பேன். அடுத்த சனிக்கிழமை என்று ஒன்று இல்லை என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மிச்சம் இருக்கும் மூன்று கூடையையாவது உண்மையாக ஆடு என்றேன். ஆடினான். பதினாறாவதில் அவன் வீசிய வீச்சு இருக்கிறதே, நான் பார்த்ததிலேயே அழகானது. கை தட்டினேன். சூரியன் எதிரே இருந்ததால் தட்டு எங்கே விழுந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. என்னைக் கேட்டான். நான் காட்டினேன்.

அங்கே பழைய கல்குவாரி, மழைத் தண்ணீர் நிறைந்து கிடக்கும். காணாமல் போன தட்டைத் தேட ஆட்டத்தில் மூன்று நிமிடம் கொடுப்பார்கள். எதிராளிதான் நேரம் பார்ப்பது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கரையில் நின்றேன். அவன் பாறைமேல் கால் வைத்து இறங்கினான். பாசி வழுக்கிவிட்டது. அவனுக்கு நீச்சல் தெரியாது, குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

என் பையில் ஒரு மடக்குக் கம்பி உண்டு. தண்ணீரில் விழும் தட்டை எடுப்பதற்கு. நீட்டினால் பதினைந்தடி வரும். அவன் எட்டடியில் இருந்தான். பையின் ஜிப்பை நான் திறக்கவில்லை. அத்தான், அத்தான் என்று இரண்டு முறை கூப்பிட்டான். அப்படிக் கூப்பிட எனக்கு இனி உலகத்தில் யாரும் இல்லை.

மூன்று நிமிடம் முடிந்ததும் மீதி ஆட்டத்தை நான் தனியாக ஆடி முடித்தேன். பிறகுதான் உங்கள் ஸ்டேஷனுக்கு போன் செய்தேன். பாதியில் விட்டுப் போவது எனக்குப் பழக்கமில்லை.

தட்டைத் தேடப் போனவர் கால் வழுக்கி விழுந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே ஒரு திருத்தம். தட்டு தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. கூடைக்கு நாலடி தள்ளிப் புல்லில் கிடந்தது. அதை நான் நன்றாகவே பார்த்தேன். ஆட்டம் அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதே, அவன் இன்னும் கொஞ்ச நேரம் தேடட்டுமே என்றுதான் குவாரியைக் காட்டினேன். அவன் ஒரு கணம் தயங்கினான்.

"நேராப் போன மாதிரிதான் இருந்துச்சு. சரி, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் அத்தான்" என்று சொல்லிவிட்டு இறங்கினான்.