டிக்காஷன் முட்டை

நாமக்கல்லிலிருந்து சேலம் போகும் பேருந்தில், முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர் இளையவர்.

“எங்கூட்டுக்காரரு கையை அடைக்கோழி கொத்திக் கிழிச்சிருச்சுங்க்கா. பாக்கவே சந்தோசமா இருக்குது.”

“ஏங்கண்ணு, பாவமில்லையா?”

“எங்கம்மா குடுத்த நாட்டுக்கோழி முட்டைய அடை வெச்சேன். அன்னைக்கே எல்லாத்தையும் ஆம்லெட் போட்டுத் தின்னுட்டு, வேலை பாக்கற பண்ணையில இருந்து முட்டை கொண்டாந்து வெச்சுட்டாரு. வெள்ளையாத் தெரியக்கூடாதுன்னு டீ டிக்காஷன்ல ஊறப்போட்டு வேற.”

“பண்ணை முட்டை பொரிக்காதே! அவருக்குத் தெரியாதா?”

“தெரியாமயா? நான் பாக்கறதுக்குள்ள, கூமுட்டைன்னு சொல்லி எடுத்து வீசிரலாம்னு தினமும் கையை விடறாரு. கோழி விடோணுமே!”

“உனக்கெப்படித் தெரிஞ்சுது?”

“அவரு வேலைக்குப் போனப்பறம் கோழி இரைக்கு எறங்குச்சு. ஒண்ண எடுத்தேன், ஒரே டீ வாசம்.”

“நேராக் கேட்டுப்போட வேண்டியதுதான?”

“நான் கேட்டா சண்டைக்காரிம்பாருங்க்கா. கோழியே கேக்கட்டும்.”

இராசிபுரத்தில் இளையவர் இறங்கினார். மொபெட்டுடன் காத்திருந்த கணவரின் இரண்டு கைகளிலும் பிளாஸ்திரி. பின்னால் ஏறி உட்கார்ந்தபடி அவர் அக்கறையாகக் கேட்டார்:

“கோழிக்குத் தீனி வெச்சீங்களா?”