சட்னியில் எதுவும் காணப்படவில்லை

கையெழுத்துப் போடுவதற்கு முன் எதையும் முழுதாகப் படித்துவிடுவது என் வழக்கம். நீங்கள் தட்டச்சு செய்திருக்கும் முதல் பக்கத்தில் என் பெயர் சிவகாமசுந்தரம் என்று இருக்கிறது, இன்ஸ்பெக்டர் பவித்ரா. அது சிவகாமசுந்தரி. குறுக்கே ஒரே கோடு போட்டுத் திருத்தி, பக்கத்தில் தேதி எழுதிவிடுகிறேன். அழித்து எழுதினால் ஆவணத்துக்கு மரியாதை இல்லை. பத்தொன்பது வருடங்களாக இதைத்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

நான் ஓர் உணவுப் பரிசோதனைக்கூடத்தின் தர மேலாளர். எங்களிடம் அங்கீகாரச் சான்றிதழ் இருக்கிறது. வரவேற்பறையில், ஆர்க்கிட் தொட்டிக்கு மேலே, சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம். அது இருந்தால் எங்கள் அறிக்கையை அரசாங்கம் அப்படியே ஏற்றுக்கொள்ளும். மறுபடி சோதிக்காது. எங்களைச் சோதிப்பவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருவார்கள். அவர்கள் எங்கள் காகிதங்களைப் பார்ப்பார்கள், அரசாங்கம் அவர்களுடைய காகிதத்தைப் பார்க்கும். நல்ல ஏற்பாடு. இதில் சட்னியை யார் பார்ப்பது என்று நீங்கள் கேட்டீர்கள். நூர்தீன் பார்த்தார்.

அந்தத் திங்கட்கிழமை அங்கீகாரக் குழு மதியம் இரண்டு மணிக்கு வருவதாக இருந்தது. பத்தரை மணிக்கு நூர்தீன் என் அறைக்கு வந்தார். எங்கள் மூத்த பரிசோதகர், அதிகம் பேசாதவர். லிட்டில் இந்தியாவில் சமைத்து எட்டு முதியோர் பராமரிப்பு நிலையங்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்பும் ஒரு கேட்டரிங்காரரின் தேங்காய்ச் சட்னி அவர் கையில் இருந்தது. அதாவது அதிலிருந்து கண்ணாடித் தட்டில் வளர்ந்தது இருந்தது.

"மேடம், சால்மொனெல்லா. பாசிட்டிவ். ரெண்டு தடவ பாத்துட்டேன்."

இப்படி ஒரு முடிவு வந்தால் உடனே அரசாங்கத்துக்குப் போன் செய்ய வேண்டும். அவர்கள் அன்றைக்கே வந்து அந்தப் பரிசோதனையின் எல்லாப் பதிவுகளையும் கேட்பார்கள். அங்கேதான் ஒரு சின்னச் சங்கடம். கிருமியை ஒரே சூட்டில் வைத்து வளர்க்கும் இன்குபேட்டரின் வெப்பமானி இரண்டு வாரமாக வேலை செய்யவில்லை. புதியது வந்துசேரவில்லை. ஆனால் தினம் இரண்டு முறை வெப்பநிலை குறிக்க வேண்டும் என்பது விதி. நான் விதியை மீறவில்லை. குறித்தேன். 37.0, 36.9, 37.1. மூன்று வெவ்வேறு பேனாக்களால்.

நூர்தீனுக்குப் பொறுமையாக விளக்கினேன். வெப்பநிலை உறுதி இல்லாத இன்குபேட்டரில் வந்த முடிவு செல்லாது. செல்லாத முடிவை வெளியிடுவது தவறு.

"சூடு கரெக்டா இல்லன்னா இருக்கிற கிருமி வளராமப் போகலாம் மேடம்," என்றார். "இல்லாத கிருமி எப்படி வளரும்?"

"அப்ப மறுபடி டெஸ்ட் பண்ணலாம். குழு போனதுக்கு அப்புறம்."

"அது வரைக்கும் அந்தப் பெரியவங்க சாப்பிடுவாங்களே லா."

கூட்டாளியிடம் பேசுவதுபோல் கடைசியில் ஒட்டிய அந்த லா எனக்குப் பிடிக்கவில்லை. நான் அவருடைய மேலதிகாரி. அறிக்கையில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போனார். பதினொன்றே முக்காலுக்கு நானே போட்டேன். 'சால்மொனெல்லா: காணப்படவில்லை.' என் அறையில் உட்கார்ந்து பார்த்தால் அது காணப்படவும் இல்லை. நூர்தீன் மதியமே மருத்துவ விடுப்பில் போய்விட்டார். குழுவிடம் அவர் பேசிவிடுவாரோ என்ற கவலை அதோடு போனது. அவர் நேராக உங்களிடம் வந்திருக்கலாம். புதன்கிழமை வரை ஏன் யோசித்தார் என்று அவரையும் கேளுங்கள்.

குழு இரண்டு நாள் இருந்தது. மொத்தத்தில் ஒரே ஒரு குறை சொன்னார்கள். கழிவுத்தொட்டி ஒன்றின் மூடியில் பெயர்ச்சீட்டு இல்லை. அரை மணி நேரத்தில் ஒட்டிவிட்டேன். பதிவேடுகள் இவ்வளவு சுத்தமாக இருக்கும் இடத்தைப் பார்த்ததில்லை என்று குழுத் தலைவர் சொன்னார். குறிப்பாக வெப்பநிலைப் பதிவேடு.

கேட்டரிங்காரர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் கையில் சுத்தம் என்று எழுதிய காகிதம் இருந்தது. அதே கிரைண்டர், அதே சட்னி. வியாழக்கிழமைக்குள் அறுபத்து நான்கு பேர் மருத்துவமனையில். ஞாயிறு வருவதற்குள் மூன்று பேர் போய்விட்டார்கள். எண்பதைத் தாண்டியவர்கள். நான் அதைக் காரணமாகச் சொல்லவில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன்.

இறந்தவர்களில் அப்துல் கஃபாரை எனக்குத் தெரியும். புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும், அந்த எட்டில் ஒன்றான நிலையத்துக்கு என் மாமனார் முத்துசாமி பகலில் போய்வருவார். அங்கே இரண்டு பேரும் ஒரே மேசை, கேரம் ஜோடி. செவ்வாய்க்கிழமை காலை நான் மாமாவுக்கு டப்பாவில் இட்லி கட்டிக்கொண்டிருந்தேன்.

"நேத்துதான் என்னமோ எனக்கு ரொட்டி குடுத்தாங்க, தினமும் அங்க சாப்பாடு போடறாங்களே, எதுக்கும்மா உனக்கு வீண் வேலை?"

"எண்ணெய் அதிகம் மாமா. உங்களுக்கு ஆகாது."

"அப்படின்னா கஃபாருக்கும் நாலு வையேன். உன் மிளகாப்பொடின்னா அவருக்கு உசிரு."

யோசித்தேன். ஒரு டப்பா போனால் மருமகளின் அக்கறை. இரண்டு டப்பா போனால் யாராவது காரணம் கேட்பார்கள்.

"மாவு பத்தாது மாமா," என்றேன்.

மாவு இருந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், நான் எதையும் மறைக்கிறவள் இல்லை. கஃபார் சனிக்கிழமை இறந்தார். மாமா இப்போது என்னிடம் பேசுவதில்லை. நான் வைக்கும் தட்டையும் தொடுவதில்லை. கீழே கடையில் ரொட்டி வாங்கிச் சாப்பிடுகிறார். அந்தக் கடையை யார் சோதிக்கிறார்களோ.

இனி, நீங்கள் காலையிலிருந்து மூன்று முறை கேட்ட கேள்வி. திங்கட்கிழமை பதினொன்று பத்துக்கு நான் நிலையத்துக்குப் போன் செய்து, அங்கே வேலை பார்க்கும் சுஷ்மிதாவிடம், "மாமாவுக்கு இனிமே உங்க சாப்பாடு குடுக்காதீங்க, சட்னி ஒரு சொட்டுகூட வேணாம்" என்று சொன்னேன். ஆமாம், சொன்னேன். அறிக்கையில் கையெழுத்துப் போடுவதற்கு முப்பத்தைந்து நிமிடங்களுக்கு முன். எல்லாம் தெரிந்தேதான் செய்தேன் என்பதற்கு அதுதான் சாட்சி என்கிறீர்கள். நீங்கள் எங்கள் விதிகளைப் படித்ததில்லை. நடுநிலை என்று தனியாக ஒரு பகுதியே இருக்கிறது. பரிசோதிக்கும் பொருளோடு பரிசோதிப்பவருக்கோ அவர் குடும்பத்துக்கோ எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. மாமா அந்தச் சட்னியைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் அதில் கையெழுத்துப் போட்டிருந்தால், இன்ஸ்பெக்டர், அதுதான் முறைகேடு.