அழுகின முட்டை மணம்

“அந்தக் கிரகத்துல அழுகின முட்ட மணம் உண்டுன்னு எழுதினேன்லா, அது தப்பாக்கும்.”

பாறசாலையில் காலைப் பாசஞ்சரில் ஏறி உட்கார்ந்ததும், ஆராய்ச்சி மாணவியான தங்கை எதிரே இருந்த ஆசிரியை அக்காவிடம் சொன்னாள்.

“எப்பிடி தெரியும்?”

“நட்சத்திரத்துக்க வெளிச்சம் கிரகத்துக்க காத்து வழியா வரும்போ கொஞ்சம் குறையும். அத வச்சாக்கும் அங்க என்ன வாயு உண்டுன்னு சொல்லுவோம். கிரகம் முன்னால வராதப்பவும் அதே குறைவு உண்டுன்னு நேத்துதான் கண்டேன். அது முட்ட மணமுள்ள வாயு இல்ல, கருவிக்க கோளாறு.”

“வேற ஆருக்காவது தெரியுமா?”

“இல்ல.”

“பின்ன ஆருட்டயும் மிண்டாம இரி மக்கா. அஞ்சு வருஷத்து பாடாக்கும்.”

“இன்னைக்கு கைடு சாருட்ட நானே சொல்லப் போறேன். அனுப்பின கட்டுரைய திருப்பி வாங்கணும்.”

“அவரு ஏசினா?”

“ஏசட்டும். முதல்ல இருந்து பாப்பேன். அங்க உண்மையில என்ன உண்டுன்னு எனக்கு அறியணும்.”

நெய்யாற்றின்கரையில் வண்டி நின்றது.

“ஒனக்க பள்ளிக்கூடத்து ஸ்டேஷன் வந்தாச்சு, இறங்கு” என்று தங்கை அவளுடைய பையை நீட்டினாள்.

அக்கா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். எழவில்லை. தலைமை ஆசிரியையைப் போனில் அழைத்து, தங்கையோடு போவதற்கு மலையாளத்தில் லீவு சொன்னாள்: “டீச்சரே, ஞான் இன்னு லீவாணு. அனியத்தியுடெ கூடெ ஒரிடம் வரெ போகணம்.”