பயோ வேறு, பயோடேட்டா வேறு!

இந்த மேடைப் பேச்சைப் படிக்கிறவர்களே, கைகூப்பிக் கேட்கிறேன். நான் மேடையேறும்வரை யாரிடமும் காட்டாதீர்கள். மேடையில் முழங்கப் போவதற்கு ஏன் இத்தனை ரகசியம் என்கிறீர்களா? கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா இருக்கிறார்.

தாளம் தவறாத தலைவி, டிரம்மர் வைதேகி அக்கா அவர்களே! பட்டினப்பாக்கத்து மீன்கடைகளை மூடிவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! சம்பளம் இல்லாவிட்டாலும் சங்கீதத்தை விடாத தனியிசைக் கலைஞர்களே! பதினொன்றாம் வகுப்பு மஹதியின் பணிவான வணக்கம்.

பாட்டு இருந்தால் போதுமா? பாட்டைக் கேட்கப் பத்துப் பேர் வேண்டாமா? பத்துப் பேரை அழைக்கப் பத்திரிகை வேண்டாமா? பத்திரிகையைப் பிடிக்கப் பிரஸ் கிட் வேண்டாமா? (இங்கே கைதட்டுங்கள்.)

பயோ எனப்படும் நான்கு வரி அறிமுகம், நல்ல படம், பாட்டுக்கான இணைப்பு, பிறர் பாராட்டு, தொலைபேசி எண். இவ்வளவுதான் பிரஸ் கிட்! என் அண்ணன் சாய்சரணுக்காக நான்தான் செய்தேன். முதலில் நான் வைத்த படத்தைப் பார்த்து நம் தலைவி என்ன சொன்னார்?

"இன்னாடி இது? பாட்டு பாடப் போறானா, பாஸ்போர்ட் எடுக்கப் போறானா? மூஞ்சி உர்ருனு கீது!"

படத்தை மாற்றினேன். பிரஸ் கிட்டுக்கு 'சரண் பயோ' என்று பெயரிட்டு வீட்டுக் கணினியில் வைத்தேன். வைத்தேனா? வினையை வைத்தேன்!

அண்ணன் சனிக்கிழமைகளில் பெருங்குடி அலுவலகத்தில் இருப்பதாக அப்பா நம்புகிறார். கிடாரோ வைதேகி அக்கா வீட்டில் இருக்கிறது. இன்று சாப்பிடும்போது அப்பா சொன்னார்:

"சரண் பயோடேட்டாவை தி.நகர் பொண்ணாத்துக்கு அனுப்பிச்சுட்டேன்டி."

"திறந்து பார்த்தேளாப்பா?"

"பார்ப்பானேன்? பேரு போட்டிருந்தது. அவனே பண்ணிண்டதுன்னா சரியாத்தான் இருக்கும்."

ரசம் புரையேறியது, தோழர்களே! அந்தப் பெண் வீட்டார் இப்போது என்ன படித்துக்கொண்டிருப்பார்கள்? 'ஒரே இரவில் ஐந்நூறு பேரை ஆடவைத்தவர். எந்த ஊருக்கும் வருவார். அடுத்த மேடை: சனிக்கிழமை, அடையாறு விழா. கூடவே நால்வர் வருவர். இரண்டு மணி நேரத்துக்கு மேல் தனிக் கட்டணம். ஐந்து கோழி பிரியாணி அவசியம்.' பாராட்டு என்ற இடத்தில்? 'அடக்கவே முடியாத ஆள்!'

யாரது சிரிப்பது? பிரியாணியைச் சேர்க்கச் சொன்னதே நீங்கள்தானே, வைதேகி அக்கா!

அவர்கள் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். கிடார் போச்சு. மேடையில் ஒலி சரிபார்க்கும் சவுண்ட் செக் போச்சு. இந்தச் சனிக்கிழமை அடையாறு விழாவில் அண்ணன் பாடுவதும் போச்சு.

ஆனாலும் கேட்கிறேன்! அப்பா முன்பே தயாரித்து வைத்திருந்த பயோடேட்டாவையும் பார்த்தேன். உயரம் இருந்தது, நட்சத்திரம் இருந்தது, சம்பளம் இருந்தது. பாடுவான் என்று ஒரு வரி இருந்ததா? இல்லை! அந்தத் தாளில் அண்ணனின் சம்பளம் இருக்கிறது. என் தாளில் அண்ணன் இருக்கிறான்! ஆகவே கலைஞர்களே, பிரஸ் கிட்டில் உங்களை எழுதுங்கள். உண்மையை எழுதுங்கள். உரக்க எழுதுங்கள். கோப்புக்கு மட்டும் முழுப்பெயர் வை

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான்.

"மஹதீ, முழிச்சிண்டிருக்கியா? பொண்ணாத்துலேந்து ஃபோன். பொண்ணு சனிக்கிழமை சிநேகிதாளோட அடையாறுக்கு வராளாம். சவுண்ட் செக் எத்தனை மணிக்குன்னு கேக்கறா. அது என்ன சடங்குடி, நம்மாத்துல உண்டா?"

வாய்ப்புக்கு நன்றி, வணக்