படிக்காத பக்கம்

பின்னாடி பிரியாணி வாசனை வந்திருச்சு... தெரியுது. உங்க கண்ணெல்லாம் அங்கதான் போகுது. அண்டாவைத் திறக்கறதுக்குள்ள ஒரு குட்டிக் கதை சொல்லிடறேன், கேட்டுட்டுப் போய்ச் சாப்பிடுங்க.

திண்டுக்கல்லுல பிலோமினான்னு ஒரு நர்ஸம்மா. அவங்க வீட்டுக்காரர் அருளப்பன், லைன்மேனா இருந்தவர். கரண்ட் கம்பத்துலேருந்து விழுந்து, ஒரு காலை ஊன முடியாம, கைத்தடியோட வீட்டுல இருக்காரு. அதுலேருந்து வீட்டுல எல்லாம் பிலோமினாதான். தண்ணி பிடிக்கறது பிலோமினா, சிலிண்டரை உருட்டறது பிலோமினா. அவர் கையை நீட்டினா...

“விடுங்க, விடுங்க. நான் பாத்துக்கறேன்.”

நம்ம வீட்டுலயும் இந்த வசனம் உண்டுல்ல? சிரிக்காதீங்க, உண்டு!

வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்கறாங்கன்னு தெரிஞ்சுது. வயசு வரம்புக்கு அந்த வருஷம்தான் கடைசி. கெடச்சா குடும்பமே நிமிர்ந்துடும். ஆனா இங்கிலீஷ் பேசணுமே! ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் புஸ்தகம் வாங்கினாங்க. அருளப்பன் வாசிப்பாரு, இந்தம்மா தோசை சுட்டுக்கிட்டே சொல்லுவாங்க.

“ஐ ஹெல்ப் யூ... ஐ வாஷ் யூ... ஐ ஃபீட் யூ... ஐ லிஃப்ட் யூ...”

அடுத்த பக்கத்தைத் திருப்பினாரு. “ஹெல்ப் மீ, கால் மீ, ஹோல்ட் மீ... இதையும் சொல்லு பிலோ.”

“அதெல்லாம் படுத்திருக்கறவங்க சொல்றதுங்க. நர்ஸ் எதுக்குச் சொல்லணும்? முன்னாடி பக்கத்துக்கே போங்க.”

அவரும் பக்கத்தைத் திருப்பிட்டாரு.

இன்டர்வியூ நாள் வந்துச்சு. கட்டில்ல நல்லா வாட்டசாட்டமா ஒருத்தர், நோயாளி மாதிரி படுத்திருக்காரு. அவரைத் தூக்கி சக்கர நாற்காலியில உக்கார வைக்கணும். பக்கத்துல இன்னொரு நர்ஸு, கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறா. பிலோமினா அவளைத் திரும்பிக்கூடப் பாக்கல. “ஐ ஹோல்ட் யூ சார்... ஐ லிஃப்ட் யூ சார்...” பல்லைக் கடிச்சு, ஒத்த ஆளா தூக்கி, உக்கார வச்சுட்டாங்க! இடுப்புல சுளீர்னுச்சு. முகத்துல சிரிப்பு மாறல.

பரீட்சை வச்ச அம்மா கேட்டாங்க. “பக்கத்துல ஒருத்தி நின்னாளே, ஏன் கூப்பிடல?”

“அவங்களுக்கு எதுக்கு மேடம் சிரமம்? நான் பாத்துக்கிட்டேன்.”

“நீ கூப்பிடுவேன்னுதாம்மா அவ நின்னா. நாங்க பாத்ததே அதைத்தான். உன் கை நழுவியிருந்தா அவர் கீழ விழுந்திருப்பாரு.”

வேலை கெடைக்கல... ஆமா, கெடைக்கலங்க. கதைன்னா கெடச்சே ஆகணுமா?

மறுநாள் காலையில தெருக்குழாய்ல தண்ணி. குடம் நெறஞ்சிருச்சு. பிலோமினா குனியறாங்க... இடுப்பு வளையல. இன்னொரு தரம் குனியறாங்க... முடியல. வாசல்ல அருளப்பன் நிக்கிறாரு. எப்பவும் நிக்கிற எடம்தான். இந்தம்மாவுக்குத் தமிழ்ல கேக்க நாக்கு எழல. இத்தனை வருஷத்துல கேட்டுப் பழக்கமே இல்லையே! அப்பத்தான்... அந்தப் படிக்காத பக்கம் வாய்ல வந்துச்சு.

“ஹெல்ப் மீ.”

அவரு மெல்ல வந்து, ஒரு கையில தடியை ஊனிக்கிட்டு, மறு கையால குடத்தோட வாயைப் பிடிச்சாரு. ரெண்டு பேருமா தூக்கினாங்க. பாதித் தண்ணி வழியெல்லாம் சிந்துச்சு. படியேறும்போது அவரு சொன்னாரு...

“நானும் கம்பத்துலேருந்து விழுந்த நாள்லேருந்து கையைக் கட்டிக்கிட்டுத்தான் பிலோ நிக்கிறேன். நீ கூப்பிடவே இல்ல.”

...

தாய்மாரே, ஐயாமாரே! நாம எல்லாருக்கும் செய்யறோம். பெருமையாத்தான் இருக்கு. ஆனா வாங்கிக்க மட்டும் கூச்சப்படறோம். நாம “நான் பாத்துக்கறேன்”னு சொல்லும்போதெல்லாம், நம்மளை நேசிக்கிற ஒருத்தரைப் பாத்து “நீ தேவையில்ல”ன்னு சொல்லிடறோம். அவங்க சிரமத்தைக் குறைச்சிட்டோம்னு நெனைக்கிறோம்... மதிப்பைக் குறைச்சிருக்கோம்.

நம்ம வீட்டு வாசல்லயும் ஒருத்தர் நிக்கிறாங்க. இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் அவங்ககிட்ட ஏதாவது ஒண்ணு கேளுங்க. பாதி சிந்தினா சிந்தட்டும். தமிழ்ல கேக்க வெக்கமா இருந்தா... இங்கிலீஷ்லயே கேளுங்க.